கடைசிப் பத்து ஆட்டங்கள்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தம் எடுக்கும் அறையில் அவளைக் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். திட்டுகிற பெயர் இல்லை, கொடுத்த பட்டம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே வியர்த்துப்போகிற ஆசாமி ஒருவர் அவள் எதிரில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எப்ப குத்தப் போறீங்க?" என்று கேட்டார். அதற்குள் அவள் மூன்று குழாய் நிரப்பிப் பஞ்சும் ஒட்டி முடித்திருந்தாள். "கொசு கடிச்சாக்கூட தெரியுமேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் அவர். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். நரம்பு கிடைக்காத கை எதுவாவது வந்துவிட்டால் டாக்டர்களே "கொசுகிட்ட அனுப்புங்க" என்பார்கள்.

அந்தக் கொசுவின் வலது கட்டைவிரல்தான் இப்போது மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. எல்லாம் ஒரு கண்ணாடி டம்ளர் செய்த வேலை. கழுவும்போது உள்ளே கையை விட்டுத் தேய்த்தாள், உடைந்தது, விரலின் அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. தினமும் ரத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவள், அதைப் பார்த்துப் பயப்படவில்லை. விரலை மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. அப்போதுதான் பயந்தாள். "நரம்பு அறுந்துபோச்சு" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நரம்பு இல்லை, தசைநாண் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் திருத்தினார். எதுவாக இருந்தால் என்ன, அறுந்தது அறுந்ததுதான்.

மூன்று மாதம் கட்டும் பட்டையுமாகப் போயிற்று. அதற்கிடையில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் தகுதிக் கடிதத்தோடு வந்தால் பழைய நாற்காலி, இல்லையென்றால் வாசலில் இருக்கும் பதிவு ஜன்னலுக்கு மாற்றம். சம்பளம் அதேதான், ஒரு பைசா குறையாது. கணவர் அதைப் படித்துவிட்டு, "நல்லதுதானே, உக்காந்த இடத்துல பேர் எழுதிக்கிட்டு இருக்கலாம்" என்றார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். எது நின்றாலும் அதற்கு மாடிப்படி ஒன்று இருக்கும் என்று நினைக்கிற மனுஷன். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தை மறந்துவிட்டு முழங்கை மடிப்பை வைத்து ஆளை அடையாளம் சொல்கிறவள் அவள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கிற கைகளைப் பார்த்து, இது சுலபம், இது கஷ்டம், இது என்னால் மட்டும்தான் முடியும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வருகிறவள். அவளைக் கொண்டுபோய் ஜன்னலில் உட்காரவைத்தால் வெறும் பெயர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

ஆகவே பிசியோதெரபி அறையில் அவளைவிட ஒழுங்கான நோயாளி கிடையாது. களிமண்ணைப் பிசை என்றால் பிசைந்தாள். துணிக்கிளிப்பை அமுக்கு என்றால் வீட்டிலிருந்த அத்தனை கிளிப்பையும் அமுக்கினாள். பிசியோ இளவயசுப் பையனைப்போல இருந்தாலும் முப்பது தாண்டியவர், எதற்கும் "சூப்பர்" சொல்கிற வழக்கம் உள்ளவர். அவருக்கே ஒரு நாள் சூப்பர் வரவில்லை.

"பலம் வருது மேடம். கட்டுப்பாடுதான் வரலை. விரலை மெதுவா இழுத்து, நிறுத்தி, சொன்ன இடத்துல விடணும். அது இல்லாம ஊசியைக் கையில குடுக்க முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன்ல கேம் ஆடுவீங்களா?" என்றார்.

"போன் பேசறதுக்குத்தானே சார்."

அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். பச்சை மைதானம், மேலே வெள்ளைக் கோடுகள், தலைக்கவசம் போட்ட குட்டி குட்டி ஆட்கள். அமெரிக்கன் ஃபுட்பால் என்றார். அவரும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆடுவாராம். "தினம் ரெண்டு ஆட்டம். வலது கட்டைவிரல் மட்டும். கடைசிப் பத்து ஆட்டத்தோட ஸ்கோரை இதுவே பட்டியல் போட்டு வச்சுக்கும். வாரா வாரம் எனக்குக் காட்டுங்க. விரல் சொன்ன பேச்சு கேக்குதான்னு அதுல தெரிஞ்சுடும்."

வீட்டில் அவளுக்கு வாத்தியார் கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. நாத்தனார் ஒருத்தி இருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை, மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். வாய் ஓயாது, அதனால் வீட்டில் மைனா. போனில் இருக்கிற விளையாட்டு ஒன்று விடாமல் ஆடித் தீர்த்தவள். அண்ணி தானாக வந்து விளையாட்டு சொல்லிக்கொடு என்று கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, போனைப் படுக்கவைத்துப் பாடத்தைத் தொடங்கினாள்.

"இது என்னடி பந்து? ரெண்டு பக்கமும் கூர் சீவி வச்ச மாதிரி இருக்கு."

"பந்துன்னா உருண்டையாத்தான் இருக்கணும்னு சட்டமா அண்ணி? எலுமிச்சம்பழத்தைப் பெரிசு பண்ணா இப்படித்தான் இருக்கும்."

"காலால உதைப்பாங்களா?"

"எப்பவாவது. மத்தபடி கையாலதான் எறியறாங்க, கையில வச்சுக்கிட்டுத்தான் ஓடறாங்க."

"அப்புறம் எதுக்கு ஃபுட்பால்?"

"அதைப் பேர் வச்சவனைத்தான் கேக்கணும். நீங்க ஆடப் போறீங்களா, கேஸ் போடப் போறீங்களா?"

மைனா விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "நாம இடது பக்கத்துலேருந்து வலது பக்கம் போறோம். அந்தக் கோடியில இருக்கு பாருங்க, வேற கலர்ல, அங்க பந்தோட போய்ச் சேர்ந்துட்டா டச் டவுன். ஆறு பாயிண்ட். அப்புறம் அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சா இன்னும் ஒண்ணு. ஆனா ஒரே ஓட்டமா போக விட மாட்டாங்க. நமக்கு நாலு தடவை குடுப்பாங்க. அந்த நாலுக்குள்ள பத்து கஜம் முன்னாடி போயிடணும். போயிட்டா மறுபடியும் நாலு தடவை. போகலைன்னா பந்து அவங்களுக்கு."

"மூணு தடவை ஆயிடுச்சு, இன்னும் பத்து கஜம் போகலை. அப்ப?"

"கம்பம் கிட்டத்துல இருந்தா உதைச்சு மூணு பாயிண்ட்டை வாங்கிட்டு வந்துடலாம். தூரமா இருந்தா, மனசைக் கல்லாக்கிக்கிட்டு பந்தை உதைச்சு அவங்க பக்கம் தள்ளி விட்டுடணும். இல்ல, துணிஞ்சு நாலாவது தடவையும் ஆடலாம். அது அவங்கவங்க தைரியம்."

பிறகு எறிவது. திரையில் விரலை வைத்துப் பின்னால் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கப் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு முன்னால் நீளும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு தூரம் பந்து போகும். விரலை எடுத்தால் பந்து கிளம்பிவிடும். "ஓடறவன் இருக்கற இடத்துக்கு எறியாதீங்க அண்ணி. அவன் போய்ச் சேரப் போற இடத்துக்கு எறியுங்க. இல்லன்னா பின்னாடி வர்றவன் பிடுங்கிக்குவான். அதுக்காக யோசிச்சுக்கிட்டே நிக்கவும் கூடாது, நாலு தடியனுங்க வந்து எறியறவன் மேல விழுந்துடுவானுங்க." பந்தைப் பிடித்தவன் ஓடும்போது விரலை மேலே தள்ளினால் மேலே ஒதுங்குவான், கீழே தள்ளினால் கீழே. முன்னால் தள்ளினால் தலைகுப்புறப் பாய்ந்து விழுந்து இரண்டு கஜம் கூடுதலாகச் சம்பாதித்துக் கொடுப்பான்.

புரிவதற்குக் கொசுவுக்கு நேரமாகவில்லை. சொல்லப்போனால் அவளுக்குப் புரிந்த அளவு மைனாவுக்கே புரிந்திருக்காது. நகர்கிற ஒன்று எங்கே போகும் என்று பார்த்து அங்கே போய்க் காத்திருப்பதுதானே அவளுடைய தொழில். பயந்தவர்களின் கையில் ரத்தக்குழாய் வழுக்கிக்கொண்டு ஓடும், அதைத் துரத்தினால் கிடைக்காது. இதையெல்லாம் பதினெட்டு வருஷமாகச் செய்தவள், இந்தக் குட்டி மனிதர்கள் ஓடுவதைப் பார்த்த மாத்திரத்தில் எவன் எங்கே போவான் என்று சொல்லிவிட்டாள். தலைக்குத் தெரிந்தது. கட்டைவிரலுக்குத்தான் தெரியவில்லை. இழுக்கும்போது நடுவில் ஒரு நடுக்கம், விடும்போது ஒரு துள்ளல். புள்ளிக்கோடு பல்லிவால்போல ஆடியது. முதல் ஆட்டம் முப்பத்தைந்துக்குப் பூஜ்யம். பூஜ்யம் இவளுடையது.

முதல் வாரம் பட்டியலைக் காட்டினாள். பத்தும் தோல்வி. "பரவாயில்லை மேடம்" என்றார் பிசியோ. இரண்டாம் வாரம் பத்தும் தோல்வி. "ம்" என்றார். சூப்பர் சொல்கிற ஆள் ம் சொன்னால் அதுவே ஃபெயில் போட்ட மாதிரி. அலுவலகம் கொடுத்த கெடுவுக்கு இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது. காலையில் பல் துலக்கும்போதே அன்றைய எண்ணிக்கையை நினைத்துவிடுவாள். முப்பத்தேழு. முப்பத்தாறு. பிறகு அந்த நாள் முழுக்கப் பாத்திரம் விழுந்தால்கூடத் தூக்கிவாரிப்போடும்.

எண்ணிக்கை முப்பத்துநாலுக்கு வந்த நாள் அது நடந்தது. மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. ஆட்டம் சமநிலையில், நாலாவது தடவை, இன்னும் மூன்று கஜம்தான் போக வேண்டும். வலது விரல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. சுளுக்கு ஏறி, அடிவரை வலித்தது. கையை உதறிக்கொண்டே, திரையில் தடியர்கள் ஓடி வருவதைப் பார்த்து, இடது கட்டைவிரலை வைத்து இழுத்து விட்டாள். பந்து போய் ஆளின் கையில் உட்கார்ந்தது. அவன் கோட்டைத் தாண்டி ஓடினான். அவ்வளவு சுலபமாக. கொசு சிரித்துவிட்டாள். மீதி ஆட்டத்தையும் இடது கையிலேயே ஆடினாள். ஜெயிப்பது எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக மட்டும்தான். இருபத்தொன்றுக்குப் பதினாலு.

அந்த ஒரு வெற்றி பட்டியலில் உட்கார்ந்துவிட்டது. பிசியோ அதைத்தான் முதலில் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் மேடம். இதைத்தான் எதிர்பார்த்தேன். சூப்பர்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அவர் ஏற்கெனவே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதுகிறவரைக் குறுக்கிடுவது எப்படி என்று ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணம் போதும். சொல்ல வேண்டியதை மென்று முழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் பக்கம் நின்று சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தினமும் முதல் ஆட்டத்தை யோக்கியமாக வலது கையில் ஆடினாள். தோற்றாள். பிசியோவைப் பார்க்கப் போகும் நாளுக்கு முந்தின இரண்டு நாளும் வலது கையை ஓய்வில் விட்டு, இடது கையில் பத்து ஆட்டம் ஆடினாள். பட்டியலில் பத்துக்குத்தானே இடம். பழைய தோல்விகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்து காணாமல் போயின. யாரும் அழிக்கவில்லை, தானாகப் போயிற்று என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். இருபத்தெட்டுக்கு ஏழு. முப்பத்தொன்றுக்குப் பத்து. நாற்பத்திரண்டுக்கு மூன்று. இடது கை நாளுக்கு நாள் பழகிக்கொண்டே போயிற்று. திரையில் பாதி கண், அடுப்பில் பாதி கண்ணாக வலது கையால் கரண்டியைப் பிடித்துக் கிளறிக்கொண்டே இடது கையால் டச் டவுன் போட ஆரம்பித்தாள்.

அப்படி ஒரு நாள் மைனாவிடம் மாட்டிக்கொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தமே கேட்கவில்லை. திரும்பினால் மைனா நிற்கிறாள். கொசுவின் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி," என்றாள் மைனா, கண்ணை அகல விரித்து. "ஒரு கையில சமையல், ஒரு கையில ஆட்டமா? நான் ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு இன்னும் மூணாவது லெவல்ல முக்கிக்கிட்டு இருக்கேன்."

மைனாவின் மனதில் அதற்குமேல் எதுவும் ஓடவில்லை. கொசுவுக்குத்தான் கரண்டி கையை விட்டு நழுவியது.

கடைசி வாரம். கெடுவுக்கு ஐந்து நாள். அன்றைக்கென்று பார்த்து மைனாவுக்கு வார விடுமுறை, "நானும் வரேன் அண்ணி, என் ஸ்டூடண்ட் பாஸாகறதை நான் பார்க்க வேண்டாமா" என்று கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. பஸ் முழுக்கக் கொசு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வாய் எங்கே எப்போது திறக்கும் என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

பிசியோ விரலின் பலத்தை அளக்கிற மீட்டரைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். முள் எல்லைக்கோட்டில் போய் நின்றது. தாண்டவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு போனை வாங்கிப் பட்டியலைப் பார்த்தார். பத்தும் வெற்றி.

"பலம் பார்டர்ல இருக்கு. ஆனா இந்தக் கட்டுப்பாடு இருந்தா வேலை செய்யச் செய்ய மீதி வந்துடும்" என்றவர் மைனாவைப் பார்த்து, "நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றார்.

"சொல்லிக் குடுத்தது நான் சார். இப்ப என்னால இவங்க பக்கத்துலயே போக முடியலை. அடுப்புல கிளறிக்கிட்டே ஆடறாங்க, அப்பக்கூட ஜெயிக்கறாங்க."

கொசு பிசியோவின் வாயைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு. கிளறுகிற கை எது, ஆடுகிற கை எது என்று அடுத்த கேள்வி வரப் போகிறது. வந்தால் சொல்லிவிடலாம் என்று அந்த நொடியில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. பிசியோ சிரித்தார். பேனாவை எடுத்தார். "ரெண்டு கையும் ஒரே நேரத்துல ஒத்துழைக்குது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கோப்பில் எழுதினார். தகுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். சூப்பர் என்றார்.

கடிதம் கைப்பைக்குள் போனதும்தான் அசல் பயம் ஆரம்பித்தது. அதுவரை பயந்தது நாற்காலி போய்விடுமே என்று. இப்போது நாற்காலி கிடைத்துவிட்டது. அதில் உட்கார்ந்து யாருடைய கையிலாவது குத்த வேண்டும்.

அந்த முதல் கை யாருடையது என்பதும் அவளுக்குத் தெரியும். ரத்தம் எடுக்கும் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாதத்துக்குமேல் விடுப்பில் போய்விட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் ஊசி அறைத் தலைவியின் கையில்தான். பெரியக்கா என்பார்கள் அவளை. பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர்கள், காய்ச்சலில் கிடந்து வந்தவர்கள், எல்லாரும் அவள் கையில் குத்தித்தான் மறுபடி வேலைக்குள் வந்திருக்கிறார்கள். "தெரியாதவங்க கையில போய்த் தட்டுத் தடுமாறாதீங்க, என் கை இருக்கு" என்பாள். எந்த விதியும் அதைச் சொல்லவில்லை. அவளாக ஏற்படுத்திக்கொண்டது.

நடுவில் இருந்த நாலு நாளும் கொசு குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, பாத்திரம் தேய்க்கிற பஞ்சில் வலது கையால் ஊசி குத்திப் பார்த்தாள். பத்துக்கு மூன்று சரியாகப் போயிற்று. மீதி ஏழும் கடைசி நேரத்தில் துள்ளியது. பஞ்சுக்கு வலிக்காது. இடது கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அது ஏமாற்றுகிற கை. ஊசியைத் தொடுவதற்கு அதற்கு என்ன யோக்கியதை.

ஐந்தாம் நாள் காலை ஆறரை மணிக்கு அவள் அறைக்குள் போனபோது பெரியக்காவைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. கதவுக்கு வெளியே டோக்கன் வாங்கியவர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து கொட்டாவி விடுகிற சத்தம் கேட்டது. பெரியக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள், மடித்து மேஜையில் வைத்தாள். நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து வலது முழங்கையைக் கைப்பிடிக் கட்டையில் நீட்டினாள்.

"வா. ஏழு மணிக்குக் கதவைத் திறக்கணும்."

ரப்பர் பட்டையைக் கட்டினாள். பெரியக்காவின் ரத்தக்குழாயில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், அவ்வளவு நேராகப் புடைத்துக்கொண்டு நிற்கும். ஸ்பிரிட் தேய்த்தாள். ஊசியின் மூடியைக் கழற்றினாள். கையுறைக்குள் விரல் நனைந்துவிட்டது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் கூப்பிட்டாள். சரித்து வைத்தாள், தள்ளினாள், தோல் விட்டுக்கொடுத்தது. அந்தக் கடைசி நூலளவில் கட்டைவிரல் துள்ளியது.

ரத்தக்குழாயைத் துளைத்துக்கொண்டு ஊசி மறுபக்கம் போய்விட்டது. தோலுக்கடியில் நீலமாக ஒரு வீக்கம் கண்ணெதிரிலேயே எழும்பியது. பதினெட்டு வருஷத்தில் அவள் கைபட்டு அப்படி ஒன்று எழும்பியதில்லை.

"எடு" என்றாள் பெரியக்கா, குரலை உயர்த்தாமல். கொசு பட்டையை அவிழ்த்து ஊசியை எடுத்தாள். பெரியக்கா தானே பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் கடிதம் பொய்க்கா" என்றாள் கொசு. ஆரம்பித்ததும் நிற்கவில்லை. விளையாட்டு, பட்டியல், பத்து ஆட்டம், அடுப்பு, மைனா, பிசியோவின் பேனா, எல்லாவற்றையும் கொட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொள்ளக் கையுறையோடு முடியவில்லை, தோளில் தேய்த்துக்கொண்டாள். "தோத்ததையெல்லாம் தள்ளி விட்டேன்கா. ஜன்னலுக்குப் போகச் சொல்லுங்க, போயிடறேன். வெளியில உக்காந்திருக்கறவங்க கையில இப்படிப் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும்."

பெரியக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டாள்.

"பத்து ஆட்டமும் இடது கையா?"

"ஆமாக்கா."

"பத்துலயும் ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன்."

"அப்புறம் எதுக்குடி தோத்த கையைக் கொண்டாந்து என்னைக் குத்தின?"

கொசு தன் வலது கையைக் குனிந்து பார்த்தாள். பெரியக்கா எழுந்து நாற்காலியைச் சுற்றித் திருப்பிப் போட்டு, மறுபடி உட்கார்ந்து, இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டினாள்.

"அக்கா, இடது கையால நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை."

"தெரியுது. பேசாம எடு."

புதுக் கையுறை, புது ஊசி. எல்லாம் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோலத் திசை மாறியிருந்தது. ஊசியை இடது கையில் பிடித்தாள். தோலை இழுத்துப் பிடிக்கிற வேலை வலது கட்டைவிரலுக்கு வந்தது. அமுக்கிக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னால் அதற்கு அது தெரிந்திருந்தது. ஊசி சரிந்தது. நடுக்கம் வருமென்று காத்திருந்தாள், வரவில்லை. தள்ளினாள், நிறுத்தினாள். பெரியக்கா பல்லிடுக்கில் மூச்சை இழுத்தாள். சோதனைக் குழாயைப் பொருத்தியதும் கருஞ்சிவப்பாக ரத்தம் ஏறத் தொடங்கியது.

"வலிச்சுதாக்கா?"

"நல்லாவே வலிச்சுது. ரத்தம் வந்துச்சில்ல?"

"வந்துச்சு."

"அது போதும் இன்னிக்கு." பஞ்சை வைத்துக்கொண்டு அந்தக் கையையும் மடக்கினாள் பெரியக்கா. "பிசியோ எட்டு மணிக்கு வருவார். போய் வாசல்ல நில்லு. கடிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டு, இங்க சொன்ன மாதிரி ஒண்ணு விடாம அவர்கிட்டயும் சொல்லு. இடது கைன்னு மாத்தி எழுதுவாரா, ஜன்னலுக்குத்தான் போன்னு சொல்லுவாரா, எனக்குத் தெரியாது. கெடு இன்னிக்கோட முடியுது, அதை நான் ஆபீஸ்ல பேசிப் பார்க்கறேன். நடக்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா நாளைக்குக் காலையில ஆறரைக்கு வந்துடு. நாளன்னைக்கும் வா. உன் கை பழகற வரைக்கும் வெளியில யார் கையையும் தொடக் கூடாது."

"அப்ப யார் கையிலக்கா பழகறது?"

பெரியக்கா தன் இரண்டு கையையும் பார்த்தாள். இரண்டு முழங்கையையும் நெஞ்சோடு மடக்கி, இரண்டிலும் பஞ்சு, எதையும் நீட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் ஏழைக் காட்டியது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"போறப்ப கதவைத் திறந்து விட்டுட்டுப் போடி" என்றாள். "என்னால இப்ப முடியாது."